தூணும் புகைக்கூடும்

வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே, நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து தம் காணிக்கு மீண்ட குடும்பமொன்று சிறியதொரு வீடு கட்டிக்கொண்டிருந்தது. வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு மண்டபம், பின்புறத்தே குசினி, முன்புறத்தே ஒடுங்கிய விறாந்தை, அவ்வளவே. குடும்பத் தலைவர் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். அவருடைய தாயார் எழுபதைக் கடந்தவர். மனைவியும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவரும் அவ்வீட்டின் ஏனையோர். சுவர் எழும்பிக் கூரைக்கு ஓடும் போட்டாயிற்று. கையில் எஞ்சிய பணமோ ஒரு வேலைக்கு மாத்திரமே போதும். விறாந்தையின் முகப்பிலே பூவேலை செய்த இரண்டு சீமெந்துத் தூண்களை நிறுத்துவதா, குசினிக்குப் புகைக்கூடு கட்டுவதா என்பதே அவர்கள் முன் நின்ற வினா.

"ஐயா, முகப்புக்கு ரெண்டு தூண் வைச்சாத்தான் வீடு வீடு மாதிரி இருக்கும்," என்றார் மேசன். கணவர் தலையசைத்தார். மனைவி, தாம் சுமந்துவந்த தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, தூணுக்குள்ளயோ நான் சமைக்கிறது?" என்று கேட்டார். அன்று வேலை அத்துடன் நின்றது.

இவ்வழக்கிலே தீர்ப்பு எளிது போலத் தோன்றும். புகைக்கூடு பயனுக்கு உரியது. தூண் பகட்டுக்கு உரியது. பயனே முதன்மை பெறுக என்று கூறி அடுத்த விடயத்துக்குச் சென்றுவிடலாம். ஆயினும் அக்கணவர் விரும்பியது வெறும் பகட்டுத்தானா? அவர் பிறந்த வீட்டின் முன்புறத்தே இரண்டு தூண்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றிற் சாய்ந்தபடியே அவருடைய தகப்பனார் மாலை வேளைகளிற் பத்திரிகை வாசிப்பார். மீண்டு வந்தபோது அவ்வீடு இல்லை. அத்திவாரத்தைப் பற்றைகளுக்கிடையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தூண் வேண்டும் என்று அவர் நினைத்தபோது அயலவர் மெச்சவேண்டும் என்ற ஆசையும் ஓரளவு இருந்திருக்கலாம்; அது மாத்திரமே இருந்தது என்று சொல்வது நியாயமன்று.

வீட்டுக்கு அழகு வேண்டுமா, பயன் போதுமா என்ற வினா உலகின் வேறு பாகங்களிலும் பெரியோர் பலரை வருத்தியதே. அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே தொழில் புரிந்த கட்டடக் கலைஞர் லூயி சலிவன், கட்டடத்தின் உருவம் அதன் தொழிலைப் பின்பற்றியே அமைதல் வேண்டும் என்று 1896ஆம் ஆண்டிலே எழுதினார். அக்கூற்றை வேதவாக்காகக் கொண்டோர், அலங்காரம் யாவும் வேண்டாதது என்று அதற்குப் பொருள் விரித்தனர். சலிவனோ தாம் சிக்காகோவில் அமைத்த பெருங்கடையின் வாயிலை இரும்பினாலான இலைகளாலும் கொடிகளாலும் பின்னிவைத்தார்! வியன்னா நகரத்து அடொல்வ் லோஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் ஒருபடி மேலே சென்று, அலங்காரத்தைக் குற்றத்துடன் சேர்த்தே பேசினார். அவருடைய வாதத்தில் ஒரு நுட்பம் உண்டு. பூவேலை செய்யப்பட்ட பொருள், தேய்ந்து பழுதாகுமுன்னரே மோஸ்தர் மாறிப் பழசாகிவிடுகிறது. அதனாற் செய்தவனுடைய உழைப்பும் வாங்கியவனுடைய பணமும் ஒருங்கே வீணாகின்றன என்பதே அது. இவ்வாதம் இன்றும் வலியுடையது. எனினும் அவரே பிராக் நகரத்தில் 1930ஆம் ஆண்டளவிற் கட்டிமுடித்த மாளிகையின் மண்டபத்திலே, பச்சை வரியோடிய விலையுயர்ந்த சலவைக்கல்லைப் பதித்தார். கல்லின் இயற்கை வரியே அங்கு சித்திரமாயிற்று. அழகை வாயில்வழி வெளியேற்றியவர், யன்னல்வழி அதனை மீள அழைத்துக்கொண்டார் போலும்.

மேனாட்டார் நூல்களை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துக் கடகம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாலே இவ்விடயம் தெளிவாகும். கடகம் சுமைக்கு உரியது. நெல்லும் தேங்காயும் எருவும் அதிலே சுமக்கப்பட்டன. பனையோலைச் சார்வுகளை இரட்டையாக வைத்து இழைத்தாலும், சுமை ஏறியவுடன் முதலிலே பிய்வது வாய்விளிம்பும் அடிப்புறமுமேயாகும். அதனால் அவ்விடங்களைப் பனை நாரினாற் பொத்துவர். அந்த நார் சீரான இடைவெளியில் ஏறி இறங்கிச் செல்லும் வரிசையே கடகத்தின் அணி. எங்கே இழுவை மிகுகின்றதோ அங்கே கை கூடுதலாக வேலை செய்திருக்கிறது. அவ்வேலை கண்ணுக்கும் இனிதாயிற்று. சாயமிட்ட ஓலையைச் சாயமிடாத ஓலையோடு மாற்றி மாற்றி இழைக்கும் பெட்டிகளிலும் இதே இயல்பைக் காணலாம். கோலம் பெட்டியின்மேல் ஒட்டப்பட்டதன்று. பெட்டியே அக்கோலமாக இழைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் பிரித்தெடுக்க முற்பட்டாற் பெட்டியும் இல்லாதுபோம்.

பழைய வீடுகளை உற்று நோக்குவோர் இத்தகைய இடங்கள் பலவற்றைக் காண்பர். தாழ்வாரத்தின் நுனியிலே பல்வரிசை போல வெட்டப்பட்டுத் தொங்கும் பலகை, வெறும் சோடனையென்றே பலரும் எண்ணுவர். கைமரங்களின் முனையில் மழை படாது காப்பது அது. கூரிய பற்களின் நுனிகளிலே நீர் துளித்துளியாகத் திரண்டு கீழே விழுந்துவிடுவதால், பலகையிலே ஊறி நிற்பதில்லை. கதவு நிலைக்கு மேலே இலையும் கொடியுமாக அறுத்துத் துளையிடப்பட்ட பலகை, மேலெழும் வெப்பக் காற்று ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குச் சென்று வெளியேற வழிவிட்டது. கதவைப் பூட்டிக்கொண்டு உறங்கினாலும் காற்றுத் தடைப்படவில்லை. சுவரிலே குடைந்த விளக்கு மாடம், சுடரைக் காற்றிலிருந்து காத்தது. அதன் வளைந்த மேற்புறம் சுவருக்கு ஒரு முகத்தைத் தந்தது. வாசலிலே இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும் என்பதைப் பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

இன்றைய புதுவீடுகள் சிலவற்றில் கதவின் மேலிருந்த அதே கொடியும் இலையும் சீமெந்தினால் அச்சுவார்த்து ஒட்டப்பட்டிருக்கின்றன. துளை மாத்திரம் இல்லை. உருவம் எஞ்சியது, காற்று வெளியே நின்றுவிட்டது. பின்னர் மின்விசிறி வாங்கப்படுகிறது.

நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தையும் சங்கடப் படலையையும் பற்றிப் பழம்பெருமை பேசுவோர் பலர். அவை அழகுடையனவே. ஆனால் நடுமுற்றம் அழகுக்காகத் திறந்துவிடப்பட்டதன்று. நாற்புறத்து அறைகளுக்கும் ஒளியும் காற்றும் தருவது, கூரைநீரை ஓரிடத்தே சேர்ப்பது, நெல்லும் ஒடியலும் உலர்த்துவது, மணவினையும் மரணச் சடங்கும் நடத்துவது ஆகிய யாவும் அதன் தொழில்கள். படலைக்கு மேலே சிறு கூரையும், அதன்கீழ் இருக்க இடமும், அருகே தண்ணீர்ப் பானையும் வைத்தவர்கள், வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் படும் சங்கடத்தை நினைத்தே அதனை அமைத்தனர். கிடுகாலும் பனையோலையாலும் அடைத்த வேலிகூட, இற்றுப்போனபின் தோட்டத்துக்குப் பசளையாயிற்று. இன்று ஐந்து பரப்புக் காணியில் 550 சதுர அடி வீடு கட்டுவோர் நாற்சார் வீட்டை அப்படியே குறுக்கிக் கட்ட முனைந்தால், கட்டில் ஒன்று போடவும் இடமிராது. பழைய வீட்டிலிருந்து அளவையும் உருவத்தையும் கடன்வாங்குவதினும், இந்த இடம் எதற்காக இவ்வாறு அமைந்தது என்ற கேள்வியைக் கடன்வாங்குவதே நலம்.

அக்கேள்வியைத் தொழிலாகவே கொண்டிருந்த ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்தார். 1918இல் பிறந்து, 1998இற் கண்டியில் மறைந்த மினெற் டி சில்வா அம்மையாரே அவர். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகம் 1948இல் தன் இணை உறுப்பினராக ஏற்றுக்கொண்ட முதல் ஆசியப் பெண்மணி அவராவார். தும்பறை நெசவையும் அரக்குப் பூசிய மரவேலையையும் புதுமுறை வீடுகளுக்குள்ளே கொண்டுவந்தவர் என்று அவரைப் போற்றுவர். அதனினும் பெரியது அவர் செய்த இன்னொரு காரியம். 1950களின் பிற்பகுதியிலே, கண்டியை அடுத்த வட்டப்புளுவவில் அரசாங்க ஊழியருக்காக இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட குடியிருப்பு ஒன்றை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. வரைபடம் ஒன்றைத் தீட்டி அதனை இருநூறு தடவை பிரதிசெய்வதே இத்தகைய திட்டங்களில் வழமை. அவரோ குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, அவர்தம் வாழ்க்கை முறையையும் தேவைகளையும் கேட்டறிந்தார். பெற்ற விடைகளுக்கு ஏற்பப் பலவகை வீட்டமைப்புகள் உருவாகின. மக்களை வினாவாமல் அவர்களுக்கு வீடு வரைவது, பாதத்தை அளவாமற் செருப்புத் தைப்பதை ஒக்கும்.

வினாவாதபோது நேர்வது யாதென்பதற்கும் அண்மைக்கால உதாரணம் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் 65,000 பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டமொன்று 2016ஆம் ஆண்டளவிற் பேசப்பட்டது. எஃகினாலான பாகங்களை ஏற்றிவந்து பொருத்திவிடலாம். விரைவில் முடியும் என்றனர். மாதிரி வீடுகளைப் பார்த்தோர் வெப்பத்தைப் பற்றிக் கேட்டனர். எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று கேட்டனர். பிற்காலத்தில் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியுமா, விறகடுப்பை எங்கே மூட்டுவது என்றும் கேட்டனர். அத்திட்டம் முன்மொழியப்பட்டவாறு நிறைவேறவில்லை. இதற்கு மாறாக, 2012ஆம் ஆண்டு முதல் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் பெரும்பாலானவற்றிலே, ஐந்தரை இலட்சம் ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டு, கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரிடமே விடப்பட்டது. அதனால் அவரவர் விருப்புக்கு இடமுண்டாயிற்று. விருப்பின் வழியே கடனும் நுழைந்தது என்பதையும் மறைத்தலாகாது. கொடுத்த பணத்துக்கு அடங்காத வீட்டைத் தொடங்கி, நகையை அடகுவைத்து முடித்தவர்கள் உளர். முடிக்க மாட்டாது விட்டவர்களும் உளர்.

பணம் எங்கே வழுக்கிச் செல்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அது வீதியை நோக்கியே செல்லும். முகப்புச் சுவரைக் கூரைக்கு மேலே உயர்த்தி, ஓட்டுக் கூரையைத் தெருவிலிருந்து மறைத்துவிடும் வழக்கம் இப்பொழுது பரவியுள்ளது. தட்டை வீடு போல நாகரிகமாகத் தோன்றுமாம். சாய்ந்து வரும் கூரைநீர் தாழ்வாரத்தால் வழிந்தோட வேண்டிய இடத்திலே சுவர் நிற்பதனால், சுவருக்கும் கூரைக்கும் இடையே பீலி ஒன்று வைக்கவேண்டி நேர்கிறது. யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களுக்குள்ளே கொட்டித் தீர்ப்பது. பீலியிலே வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் நீர் செல்ல வேறு வழியில்லை. மண்டபத்தின் முன்சுவரால் உள்ளே இறங்கும். அடுத்த ஆண்டு அச்சுவரின் பூச்சுக் கழன்று விழும். ஆண்டுக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறக்கூடிய ஆண்மகன் அவ்வீட்டில் உள்ளானா என்பதை முகப்பு வரைந்தவர் கேட்டிருக்கமாட்டார்.

விறாந்தையிலே கண்ணாடிபோல மினுங்கும் தளக்கல் பதிப்பதும் அத்தகையதே. காய்ந்திருக்கும்போது அழகு. சாரல் அடித்தால், காலிலே ஈரத்துடன் கிணற்றடியிலிருந்து வரும் கிழவிக்கு அது பொறி. முன்னாளிற் சிவப்புச் சாயம் கலந்து சீமெந்து இழுத்த நிலம் இருந்தது. குளிர்ச்சியும் நிறமும் அதற்கு உண்டு; விறாந்தைப் படியிற் சிறிது சுரசுரப்பாக விடவும் மேசன்மார் அறிவர்; வெடித்தால் அவ்விடத்தை மட்டும் திருத்தலாம். அவ்வேலையை நன்கு தெரிந்த கைகள் அருகிவருகின்றன என்பது வருந்தத்தக்கது.

மண்டபத்துத் தளபாடங்களைப் பற்றிச் சிறிது கணக்குப் பார்க்கலாம். மண்டபம் பத்தடிக்குப் பத்தடி என்றால் 100 சதுர அடி. மூவர் அமரும் மெத்தைக் கதிரை ஏறத்தாழ 18 சதுர அடியைப் பிடிக்கும். தனிக் கதிரைகள் இரண்டும் சேர்ந்து 15. நடுவே வைக்கும் மேசை நாலரை. கண்ணாடி அலுமாரியும் தொலைக்காட்சி மேசையும் மேலும் 10 சதுர அடியை விழுங்கும். ஏறக்குறையப் பாதி நிலம் போயிற்று. ஆண்டிற் சில தினங்கள் வரும் விருந்தினருக்காகக் கதிரைகள் மண்டபத்தில் வீற்றிருக்க, நாள்தோறும் வீட்டுப்பாடம் செய்யவேண்டிய பிள்ளைகள் குசினி வாசலிற் பாய் விரித்துக் குந்தியிருப்பர். சுவரோடு சேர்த்து ஒன்றரை அடி உயரத்திற் கட்டிய திண்ணையொன்று, மேலே ஒரு பாயுடன், நால்வர் இருக்கவும் ஒருவர் படுக்கவும் உதவும். அதன் கீழே பெட்டகமும் வைக்கலாம். அதனை ஏழ்மையின் அடையாளமாகக் கருதுவோர், கொழும்பிலே 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா வரைந்த வீடுகளைப் படத்திலாயினும் பார்க்கவேண்டும். எனா டி சில்வாவுக்காக அவர் அமைத்த முற்ற வீடு, இறக்குமதிப் பொருள் கிடைப்பது அரிதாயிருந்த காலத்திலே ஓட்டையும் உள்ளூர் மரத்தையும் கல்லையும் கொண்டு எழுந்தது. அவ்வீட்டைப் பிற்காலத்திலே பகுதி பகுதியாகப் பிரித்து, லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீளக் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் கூறியபின், அலங்காரம் வசதியுடையோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் எழலாம். 2009ஆம் ஆண்டுக்குப் பின் வன்னிக்கு மீண்டோர் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்தைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். கதவு இல்லை, சுவர் இல்லை. ஆயினும் வாசலென்று ஓரிடத்தைத் தீர்மானித்து, அதிலே சாணந்தெளித்து, இருபுறமும் நித்தியகல்யாணி நட்டிருந்தார்கள். அச்செடியினாற் கொட்டில் ஒழுகாமல் நிற்கவில்லை. இது நம்முடைய இடம் என்பதை அது சொல்லிற்று. அந்த நாட்களிலே அதைச் சொல்வதற்கு அக்குடும்பங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. பயன் என்ற சொல்லுக்குள் இதனையும் அடக்கவேண்டுமெனில் அச்சொல்லைச் சற்று அகலமாக்கிக்கொள்வதே முறை.

வலிகாமத்து வீட்டுக்கு வருவோம். மூன்று நாள் வேலை நிற்க, நாலாம் நாள் கிழவியே வாய்திறந்தார். "தம்பி, உன்ரை அப்பு சாய்ஞ்சிருந்த தூண் பூத்தூணில்லை. சும்மா உருண்டைத் தூண். அதுவும் கூரை தாங்கத்தான் வைச்சவை," என்றார். மகன் அதனை மறந்தே போயிருந்தார். பழைய புகைப்படம் எதுவும் எஞ்சவில்லை. தாயாரின் நினைவு ஒன்றே சாட்சி.

பின்னர் கணக்கு மாறியது. விறாந்தைக் கூரையைத் தாங்க எவ்வாறாயினும் இரண்டு கால்கள் வேண்டும். பூவார்ப்பும் பீடமும் இல்லாத வெறும் உருண்டைத் தூண்களென்றாற் செலவு பாதிக்கும் கீழே இறங்கிற்று. அவற்றிடையே, முதுகு சாய்க்கத் தக்கதாக ஒரு குட்டைத் திண்ணை. மீதிப் பணம் குசினிக்குச் சென்றது. புகைக்கூடு கூரையின் முகட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கவேண்டும், தாழ இருந்தாற் சோழகக் காற்றுப் புகையை மீண்டும் உள்ளே தள்ளிவிடும் என்று மனைவி விடாப்பிடியாக நின்றார். அடுப்படிக்கு அண்மையிலே, காற்று உள்நுழையச் சிறு யன்னல் ஒன்றையும் தாழ்வாக வைப்பித்தார். கீழே காற்று வராவிடின் மேலே புகை போகாது என்பதை ஆண்டாண்டாக அடுப்பூதிய அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

தூணிலே தம் கைவண்ணத்தைக் காட்ட முடியாமற் போன மேசனுக்கு மனம் ஆறவில்லை. புகைக்கூட்டின் வேலை முடியும் நாளிலே, மழை உட்புகாதபடி அதன் வாய்க்கு மேலே நான்கு சிறு கால்களில் ஒரு மூடி வைக்கவேண்டியிருந்தது. அம்மூடியின் விளிம்பைச் சுற்றித் தாமரையிதழ் வரிசையொன்றை ஈரச் சீமெந்திலே கரண்டியால் வளைத்து எடுத்தார். ஒவ்வோர் இதழின் நுனியும் சற்றுக் கீழ்நோக்கி வளைந்திருந்தமையால், மழைநீர் உள்ளே ஓடாமல் நுனியிலிருந்தே சொட்டியது. அதற்கு அவர் தனிக்கூலி கேட்கவில்லை. ஒழுங்கையாற் செல்வோருக்கு விறாந்தைத் தூண்கள் வேலிக்குள்ளே மறைந்துவிடுகின்றன. ஓட்டு முகட்டுக்கு மேலே தெரிவது அந்தத் தாமரை ஒன்றே.